கரகரவென்கிறதா உங்கள் பழைய டேப் ரிக்கார்டர்?



சென்ற ஆண்டு மழைக்காலம் முடிந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை, சங்க நூலகத்தில் பழைய இதழ்களை அடுக்கிக்கொண்டிருந்தேன். தாராவியில் மளிகைக் கடை வைத்திருக்கும் நம் உறுப்பினர் அண்ணாச்சி ஒருவர், துணிப்பையில் எதையோ சுற்றி எடுத்துக்கொண்டு வந்தார். பிரித்துப் பார்த்தால் 1980-களில் பலர் வீட்டிலும் இருந்த டூ-இன்-ஒன் ரேடியோ. கூடவே ஒரே ஒரு கேசட்.

"கடையில காட்டினேன் சார். இதுக்கு இப்ப சாமான் கெடைக்காது, பழைய இரும்புக்குப் போடுங்கன்னுட்டான். செட்டுக்காக நான் அலையல. இந்தக் கேசட்டுக்குள்ள எங்க அய்யா இருக்காவ."

விசாரித்தேன். 1986-இல் திருநெல்வேலிச் சீமையிலிருந்து பம்பாய்க்கு வந்த உறவினர் கையில் கொடுத்தனுப்பிய கேசட் அது. எழுதப் படிக்கத் தெரியாத அவர் தந்தை, கடிதத்துக்குப் பதிலாகப் பேசிப் பதிந்து அனுப்பியது. பெரியவர் 1991-இல் காலமாகிவிட்டார். அவருடைய குரல் வேறு எங்கும் கிடையாது.

செட்டைப் போட்டுப் பார்த்தோம். வால்யூமைத் திருகினால் கரகரவென்று மணலை அள்ளிக் கொட்டுவதுபோல் ஓசை. இடது ஸ்பீக்கர் ஊமை. நடுநடுவே 'ஊய்...' என்று ஓர் ஊளை. இந்த மூன்று வியாதிக்கும் காரணம் ஒன்றுதான்: மின்சாரம் கைமாறும் இடங்களில் ஏறியிருந்த அழுக்கும் களிம்பும். உதிரி பாகம் எதுவும் வாங்கவில்லை. ஒரு சிறு புட்டி திரவம், கொஞ்சம் பஞ்சு, சற்றுப் பொறுமை, இவ்வளவே செலவு.

இப்படி எத்தனையோ செட்டுகள் நம் வீடுகளில் பரண் மேல் கிடக்கின்றன. கல்யாண நலங்குப் பாட்டு, பாட்டியின் தாலாட்டு, குழந்தையின் முதல் மழலை எனப் பலவற்றைக் கேசட்டில் பதிந்து வைத்திருக்கிறோம். போட்டுக் கேட்கக் கருவி இல்லாமல் அவை மூலையில் கிடக்கின்றன. ஆகவே இந்தச் சிறு வேலையை எல்லோருக்கும் விளங்கும்படி எழுதலாம் என்று தோன்றியது.

கரகரப்பு எங்கிருந்து வருகிறது?

ஒரு கம்பியிலிருந்து இன்னொன்றுக்கு மின்சாரம் போகவேண்டுமானால், ஒன்று ஈயப்பற்று வைத்து இணைத்திருக்க வேண்டும். அல்லது இரண்டு உலோகங்கள் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டிருக்க வேண்டும். இப்படித் தொடும் இடத்தைத்தான் 'கான்டாக்ட்' என்கிறோம். ஸ்விட்ச், பிளக், வால்யூம், பேட்டரி வைக்கும் இடம் எல்லாவற்றிலும் இது உண்டு.

கண்ணுக்கு வழவழப்பாகத் தெரியும் உலோகமும் உருப்பெருக்கியில் பார்த்தால் மேடும் பள்ளமுமாகவே இருக்கும். கொத்திய அம்மிக்கல் இரண்டை ஒன்றின்மேல் ஒன்று கவிழ்த்தால் எப்படி? மேடுகள் மட்டுமே தொடும். மற்ற இடமெல்லாம் இடைவெளிதான். கான்டாக்ட்டிலும் அப்படியே. விரல்நகம் அளவு பரப்பு இருந்தாலும், உண்மையில் மின்சாரம் போவது ஊசிமுனை போன்ற சில புள்ளிகளின் வழியாக மட்டுமே. இதை வாழ்நாள் முழுதும் ஆராய்ந்தவர் ராக்னர் ஹோம் என்ற ஸ்வீடன் நாட்டு விஞ்ஞானி. மின் கான்டாக்ட்டுகளைப் பற்றிய உலக மாநாடு இன்றும் அவர் பெயரிலேயே நடக்கிறது.

அந்தச் சில புள்ளிகளையும் அழுக்கு மூடினால் என்ன ஆகும்? பூஜை அறையில் உள்ள வெள்ளிக் குங்குமச் சிமிழைக் கவனித்திருப்பீர்கள். பீரோவில் சும்மா வைத்திருந்தாலே கறுத்துவிடும். காற்றில் மிகச் சிறிய அளவில் கலந்துள்ள கந்தக வாயு வெள்ளியோடு சேர்ந்து உண்டாக்கும் கறுப்பு அது. பித்தளைக் குத்துவிளக்கில் பச்சைக் களிம்பு ஏறுவதும் இதே போன்ற விவகாரம்தான். ஸ்விட்ச்சுகளுக்குள் இருப்பதும் பெரும்பாலும் வெள்ளி முலாம், பித்தளை, செம்பு, வெள்ளீயம் இவைதான். மும்பையின் கடற்காற்று, நான்கு மாத மழை ஈரம், சமையல் அறைப் புகை, தெருத் தூசி இவ்வளவும் சேர்ந்தால் கேட்கவேண்டுமா?

ஒரு சந்தேகம் எழலாம். "சுவரில் உள்ள லைட் ஸ்விட்ச்சும் பித்தளைதானே, அது இருபது வருடமாக நன்றாக வேலை செய்கிறதே?" என்று. நல்ல கேள்வி. அங்கே இருப்பது 230 வோல்ட். மெல்லிய களிம்புப் படலத்தை அது உடைத்துக்கொண்டு போய்விடும். போடும்போதும் அணைக்கும்போதும் எழும் சிறு பொறி அழுக்கைச் சுட்டும் விடும். கேசட்டைத் தொட்டுப் படிக்கும் டேப் ஹெட்டிலிருந்து வருவதோ ஒரு வோல்ட்டில் ஆயிரத்தில் ஒரு பங்குக்கும் குறைவு. வாசலில் சிலந்தி வலை கட்டியிருந்தால் யானை கவனிக்காது, ஈ மாட்டிக்கொள்ளும். ஆடியோ சிக்னல் அந்த ஈயைப் போன்றது. உயர்ந்த ரக ஆடியோ கருவிகளின் பிளக்குகளில் தங்க முலாம் பூசுவதும் இதனால்தான். தங்கத்தில் களிம்பு ஏறாது.

ரயில்வே சிக்னல் பிரிவில் வேலை பார்த்த எனக்குக் கான்டாக்ட் என்றால் எப்போதும் ஒரு பயம் கலந்த மரியாதை உண்டு. நம் ரயில்வேயில் பயன்படும் சிக்னல் ரிலேக்களில் ஒரு வகையில், ஒரு பக்கம் வெள்ளியும் மறுபக்கம் வெள்ளி கலந்த கிராஃபைட்டும் வைத்திருப்பார்கள். இரண்டு பக்கமும் உலோகமாக இருந்து, பொறியில் உருகி ஒட்டிக்கொண்டால் சிவப்பு விழவேண்டிய இடத்தில் பச்சை நின்றுவிடும். கரி அப்படி ஒட்டிக்கொள்ளாது. ஆயிரம் பேர் உயிர் அந்தப் பட்டாணி அளவு புள்ளியில் இருக்கிறது. வீட்டு ரேடியோவில் அவ்வளவு ஆபத்து இல்லை. ஆனால் பாடம் ஒன்றே: தொடும் இடம் சுத்தமாக இருக்கவேண்டும்.

எந்த ஓசைக்கு எங்கே பார்ப்பது?

வைத்தியர் நாடி பார்ப்பதுபோல் முதலில் காதால் கேளுங்கள்.

1. வால்யூம், பாஸ், டிரெபிள் குமிழ்களைத் திருகும்போது மட்டும் கரகரப்பு: அந்தக் குமிழின் உள்ளே அழுக்கு.

2. ஒரு பக்க ஸ்பீக்கர் வேலை செய்யவில்லை. தட்டினால் வருகிறது, பிறகு போகிறது: பெரும்பாலும் ஹெட்ஃபோன் துளை. ஹெட்ஃபோனைச் செருகினால் ஸ்பீக்கர் நிற்கிறதல்லவா? அதற்கு அந்தத் துளைக்குள்ளேயே ஒரு சிறு ஸ்விட்ச் உண்டு. ஹெட்ஃபோனை எடுத்தபின் அது மீண்டும் சரியாகத் தொடாவிட்டால் ஸ்பீக்கர் ஊமையாகிவிடும்.

3. ரேடியோ நன்றாகப் பாடுகிறது, கேசட்டில் மட்டும் கரகரப்பு, ஊளை, அல்லது ஒரு பக்கம் இல்லை: பதிவு-ஒலிப்பு ஸ்விட்ச். ரெக்கார்ட் பட்டனை அமுக்கும்போது உள்ளே நகரும் நீளமான ஸ்விட்ச் இது. ஒரே நேரத்தில் பல இணைப்புகளை மாற்றுவதால் இதில் கான்டாக்ட்டுகள் அதிகம், தொந்தரவும் அதிகம்.

4. ரேடியோ, டேப் என்று மாற்றும் ஸ்விட்ச்சைத் தொட்டால் ஓசை: அந்த ஸ்விட்ச்.

5. பேட்டரியில் ஓடவில்லை, மின்சாரத்தில் ஓடுகிறது: பேட்டரி ஸ்பிரிங்.

குமிழைத் தொடாதபோதும் இடைவிடாமல் 'ம்ம்ம்' என்று இரைந்தால் அது வேறு நோய். அதற்கு இந்த வைத்தியம் பலிக்காது.

முதலில் பாதுகாப்பு

பிளக்கைச் சுவரிலிருந்து உருவிவிடுங்கள். ஸ்விட்ச்சை அணைத்தால் மட்டும் போதாது. பேட்டரிகளையும் எடுத்துவிடுங்கள். பெரிய ஆம்ப்ளிஃபயராக இருந்தால் கால் மணி நேரம் காத்திருங்கள். உள்ளே உள்ள பெரிய கெப்பாசிட்டர்கள் மின்சாரத்தைச் சேமித்து வைத்திருக்கும். அதன்பிறகும் அவற்றின் கால்களைத் தொடவேண்டாம்.

தாத்தா காலத்து வால்வு ரேடியோவை நீங்களே திறக்காதீர்கள். அதற்குள் இருநூறு வோல்ட்டுக்கு மேலும் இருக்கும். அவற்றில் சில வகைகளில் டிரான்ஸ்ஃபார்மரே கிடையாது. உள்ளே உள்ள தகரச் சட்டமே நேரடியாக வீட்டு மின்சாரத்தோடு இணைந்திருக்கும். தெரிந்தவரிடம் விட்டுவிடுங்கள்.

சுத்தம் செய்யும் திரவங்கள் பெரும்பாலும் தீப்பற்றும். ஜன்னலைத் திறந்து வையுங்கள். சமையல் அறையில் வேண்டாம். பக்கத்தில் விளக்கோ ஊதுபத்தியோ எரியக்கூடாது. குழந்தைகள் கைக்கு எட்டாமல் வைக்கவேண்டும் என்று தனியாகச் சொல்லத் தேவையில்லை.

எது வேண்டும், எது வேண்டாம்

வேண்டியவை: ஐசோபுரோப்பைல் ஆல்கஹால் என்னும் ஐ.பி.ஏ. ஒரு சிறு புட்டி, 99 சதவீதத் தூய்மை உள்ளதாகப் பார்த்து வாங்குங்கள். லாமிங்டன் ரோடு எலக்ட்ரானிக்ஸ் கடைகளில் கிடைக்கும். 'கான்டாக்ட் கிளீனர்' என்று எழுதிய ஸ்பிரே டப்பாவும் அங்கேயே உண்டு. பிளாஸ்டிக்கைப் பாதிக்காது என்று டப்பாவில் போட்டிருக்கிறதா என்று கவனியுங்கள். பஞ்சுக்குச்சி, மென்மையான பெயிண்ட் பிரஷ், ஊசி இல்லாத சிரிஞ்ச் அல்லது சொட்டு மருந்துக் குழாய், நல்ல ஸ்க்ரூ டிரைவர். இவ்வளவு போதும்.

வேண்டாதவற்றின் பட்டியல்தான் நீளம்.

தேங்காய் எண்ணெய், தையல் மிஷின் எண்ணெய், மண்ணெண்ணெய்: விட்ட அன்று கரகரப்பு நின்றுவிடும், "ஆஹா" என்போம். சில மாதங்களில் அந்த எண்ணெயில் தூசி ஒட்டிக் குழம்பாகி, முன்னைவிட மோசமாகும். இளம் வயதில் என் சொந்த ரேடியோவிலேயே இதைச் செய்து அனுபவப்பட்டவன் நான்.

பெட்ரோல்: அந்தக் காலத்து மெக்கானிக்குகள் தொட்டுத் துடைப்பார்கள். வீட்டில் வேண்டவே வேண்டாம்.

சி.டி.சி.: கார்பன் டெட்ராகுளோரைடு. பட்டறைகளிலும் ரேடியோ கடைகளிலும் ஒரு காலத்தில் இதுதான் சர்வரோக நிவாரணி. நானும் வெறும் கையால் தொட்டு வேலை செய்திருக்கிறேன். அது கல்லீரலைக் கெடுக்கும் விஷம். ஓசோன் படலத்தையும் பாதிப்பதால், மான்ட்ரியல் உடன்படிக்கையின்படி இந்தியாவில் 2010-ஆம் ஆண்டோடு இந்த மாதிரி உபயோகங்கள் நிறுத்தப்பட்டன. பழைய புட்டி எங்காவது இருந்தால் திறந்து முகர்ந்துகூடப் பார்க்காதீர்கள்.

சானிடைசர்: 2020 கொரோனா காலத்தில் வாங்கியது மிச்சம் இருக்கும். அதிலும் ஆல்கஹால்தானே என்று நினைக்கலாம். ஆனால் தண்ணீரும் கிளிசரினும் சேர்ந்திருக்கும். கிளிசரின் காயாமல் பிசுபிசுப்பாக நின்று தூசியை இழுக்கும்.

டபிள்யூ.டி.-40: துருப்பிடித்த தாழ்ப்பாளுக்கு உகந்த சாதாரண நீல மஞ்சள் டப்பா வால்யூமுக்கு உகந்தது இல்லை. அதுவும் எண்ணெய்ப் படலத்தை விட்டுச் செல்லும். அதே நிறுவனம் கான்டாக்ட் கிளீனர் என்று தனியாக ஒன்று தயாரிக்கிறது. பெயரைப் பார்த்து வாங்கவேண்டும்.

உப்புத்தாளும் புளியும்: பித்தளைச் சொம்பைப் புளி போட்டுத் தேய்க்கும் பழக்கத்தில் கான்டாக்ட்டிலும் கை வைத்துவிடாதீர்கள். புளியின் அமிலம் உள்ளே தங்கிப் பிறகு அரிக்கும். உப்புத்தாள் மெல்லிய வெள்ளி முலாமையே வழித்துவிடும். முலாம் போனபின் அடியில் உள்ள பித்தளை இன்னும் சீக்கிரம் கறுக்கும்.

செய்முறை

அண்ணாச்சியின் செட்டில் செய்த வரிசையிலேயே சொல்கிறேன்.

வேலை தொடங்குமுன் கேசட்டின் பின்விளிம்பில் உள்ள இரண்டு சிறு பிளாஸ்டிக் நாக்குகளையும் உடைத்தேன். இவை இல்லாவிட்டால் ரெக்கார்ட் பட்டன் அமுங்காது. கை தவறிப் பழைய பதிவை அழித்துவிட முடியாது. ஆனால் இது அரைப் பாதுகாப்புதான். பதிவு-ஒலிப்பு ஸ்விட்ச்சே அழுக்கேறிப் பதிவு நிலையில் சிக்கிக்கொண்டிருந்தால், வெறுமனே ஒலிக்கவிட்டாலும் ஹெட் வழியாக மின்சாரம் பாய்ந்து நாடாவில் உள்ளது கெட்டுப்போகலாம். அதனால்தான் "எத்தனை தடவை போட்டுப் பார்த்தீங்க?" என்று முதலில் கேட்டேன். "ரெண்டு தடவ" என்றார். "இனி நான் சொல்லும்வரை போடாதீங்க அண்ணாச்சி" என்று கேசட்டை வாங்கி மேஜைக்குள் வைத்துப் பூட்டினேன். அருமையான கேசட்டை ஒருபோதும் சந்தேகத்துக்குரிய செட்டில் போட்டுச் சோதிக்காதீர்கள். அதற்கென்று போனால் போகட்டும் என்கிற ஒரு சினிமாப் பாட்டுக் கேசட்டை வைத்துக்கொள்ளுங்கள்.

முதலில் பின்மூடியைக் கழற்றி, காய்ந்த பிரஷ்ஷால் தூசியைத் தட்டி எடுத்தோம். எந்த ஸ்க்ரூ எங்கே என்று செல்ஃபோனில் ஒரு படம் பிடித்துக்கொள்வது நல்லது. எங்கள் காலத்தில் இந்த வசதி இல்லை. உள்ளே மஞ்சள், வெள்ளை, கறுப்பு நிறத் தலையோடு சிறு திருகாணிகள் இருக்கும். அவை ரேடியோ நிலையங்களைச் சரியாகப் பிடிக்கத் தொழிற்சாலையில் திருகி வைத்தவை. தொட்டால் ரேடியோ கெட்டது.

அடுத்து வால்யூம். குமிழின் பின்னால் ஒரு வட்டத் தகர டப்பியும், ஈயப்பற்று வைத்த கால்களும் தெரியும். டப்பிக்குள் குதிரை லாடம் போல் வளைந்த கரிப்பாதை ஒன்று உண்டு. அதன்மேல் ஓர் உலோக விரல் நகர்கிறது. விரல் நிற்கும் இடத்தைப் பொறுத்து ஓசை கூடும், குறையும். பாதையில் தூசி இருந்தால் விரல் தாவித் தாவிப் போகும், அதுதான் கரகரப்பு. கால்கள் வெளியே வரும் சந்து வழியாக ஐ.பி.ஏ. இரண்டு மூன்று சொட்டு விட்டு, குமிழை ஒரு கோடியிலிருந்து மறுகோடிவரை இருபது முப்பது தடவை திருப்பவேண்டும். திரவம் அழுக்கை இளக்கும், விரல் அதை ஒதுக்கும். மின்சாரம் இல்லாமல் செய்யவேண்டிய வேலை இது. செட்டைச் சற்றுச் சாய்த்துப் பிடித்தால் அழுக்குத் திரவம் வெளியே வழியும்; பஞ்சால் ஒற்றிவிடுங்கள். சந்தே இல்லாமல் முழுதும் மூடிய டப்பியாக இருந்தால் வலுக்கட்டாயமாகப் பிளக்காதீர்கள்.

பதிவு-ஒலிப்பு ஸ்விட்ச்சுக்கும் இதே முறைதான். நீளவாக்கில் உள்ள சந்துகளில் வரிசையாகச் சொட்டுவிட்டு, செட்டுக்குள் கேசட் இல்லாதபோது நகரும் கட்டையை விரலால் இருபது தடவை முன்னும் பின்னும் நகர்த்துங்கள். விட்டதும் ஸ்பிரிங் அதைத் தானாகத் திருப்பவேண்டும். தயங்கித் திரும்பினால் இன்னும் அழுக்கு இருக்கிறது என்று பொருள். அண்ணாச்சியின் செட்டில் முதல் தடவை கறுப்புக் காப்பிக் கஷாயம் போல வந்தது. மூன்று தடவை செய்தபின்தான் தெளிந்தது.

ஹெட்ஃபோன் துளைக்குத் திரவம் நனைத்த பிளக் ஒன்றை இருபது தடவை செருகி எடுத்தால் போதும். பல வீடுகளில் செட்டைத் திறக்காமலே, காய்ந்த பிளக்கால் இதைச் செய்தாலே ஊமை ஸ்பீக்கர் பேசிவிடும். முதலில் இதை முயன்று பாருங்கள்.

பேட்டரி ஸ்பிரிங்கில் வெள்ளையாகப் பூத்திருந்தால் எந்த பேட்டரி என்று பாருங்கள். ஆல்கலைன் பேட்டரியின் கசிவு காரம். எலுமிச்சைச் சாறு அல்லது வினிகர் தொட்ட பஞ்சுக்குச்சியால் துடைத்தால் கரையும். சாதாரணத் துத்தநாக பேட்டரியின் கசிவு அமிலத் தன்மை உள்ளது; அதற்குச் சமையல் சோடாவைத் தண்ணீரில் குழைத்துத் தொடவேண்டும். இரண்டு வகையிலும் பிறகு ஈரப் பஞ்சால் துடைத்து, கடைசியாக ஐ.பி.ஏ. தொட்டு உலரவிடுங்கள். கையுறை போட்டுக்கொள்ளுங்கள், கண்ணில் படாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

திறந்ததே திறந்தாயிற்று என்று டேப் ஹெட்டையும் அதன் பக்கத்தில் சுழலும் எஃகுத் தண்டையும் ஐ.பி.ஏ. தொட்டுத் துடைத்தோம். பழைய நாடாக்கள் உதிர்த்த பழுப்பு நிறப் பொடி பஞ்சில் வரும். ரப்பர் உருளையை மட்டும் சோப்புத் தண்ணீர் தொட்ட துணியால் துடைத்தோம். அழுக்கு உருளைதான் நாடாவைச் சுருட்டி விழுங்கும்.

எல்லாம் முடிந்ததும் மூடியைத் திறந்தபடியே ஒரு மணி நேரம் உலரவேண்டும். ஈரத்தோடு மின்சாரம் கொடுப்பது ஆபத்து. அந்த இடைவேளையில்தான் அண்ணாச்சி டீ வாங்கி வந்தார்.

எண்ணெய் போடுவதா, வேண்டாமா?

எண்ணெய் கூடாது என்று சொன்ன நானே இப்போது போடு என்று சொல்லப்போகிறேன். கோபிக்கவேண்டாம்.

ஐ.பி.ஏ. அழுக்கை மட்டும் பார்த்துக் கழுவாது. தொழிற்சாலையில் வைத்த மெல்லிய வழவழப்பையும் சேர்த்தே கழுவிவிடும். காய்ந்த உலோக விரல் காய்ந்த கரிப்பாதையில் உரசினால் பாதை தேயும். உலர்ந்த ஆட்டுக்கல்லில் குழவியைச் சுற்றுவதுபோல. ஆகவே நகரும் கான்டாக்ட்டுகளுக்குக் கழுவியபின் ஒரு சொட்டு மசகு தேவை. அதற்கென்றே 'கான்டாக்ட் லூப்ரிகன்ட்' என்று விற்கிறார்கள். கழுவும் திரவமும் மசகும் ஒன்றாகக் கலந்த ஸ்பிரேக்களும் உண்டு.

எண்ணெய் மின்சாரத்தைக் கடத்தாதே, தடுக்காதா என்று கேட்கலாம். முன்பு சொன்ன அம்மிக்கல்லை நினைத்துக்கொள்ளுங்கள். ஸ்பிரிங் அழுத்தும் மேடுகளில் எண்ணெய் பிதுங்கி விலகிவிடும்; உலோகம் உலோகத்தைத் தொடும். சுற்றியுள்ள பள்ளங்களில் மட்டும் அது தங்கி, காற்றும் ஈரமும் புகாமல் காவல் காக்கும். அளவு முக்கியம். ஒரு சொட்டு மருந்து, ஒரு கரண்டி விஷம். அதிகமானால் தூசிக்கு வரவேற்பு.

மசகு போடக்கூடாத இடங்கள்: ஆம்ப்ளிஃபயரில் 'டிக்' என்று ஓசை எழுப்பும் ரிலேக்கள், 230 வோல்ட் போகும் மெயின் ஸ்விட்ச், ரேடியோ நிலையம் திருப்பும் கண்டென்சர், ரப்பர் பெல்ட்டும் உருளையும்.

இதற்குமேல் சரியாகாதவை

எல்லாவற்றையும் கழுவியே தீர்க்கமுடியாது. கரிப்பாதை தேய்ந்துபோயிருந்தால் புது வால்யூம் கன்ட்ரோல்தான் மாற்றவேண்டும். கழுவிய மறுநாளே கரகரப்பு திரும்பினால், பக்கத்தில் உள்ள கெப்பாசிட்டர் ஒழுகி, வரக்கூடாத மின்சாரம் வால்யூமுக்கு வருகிறது என்று சந்தேகிக்கலாம். செட்டைத் தட்டினால் ஓசை வந்து வந்து போவது ஈயப்பற்று விரிசலாகவும் இருக்கலாம். பாட்டு மெதுவாக இழுத்து இழுத்து ஓடினால் ரப்பர் பெல்ட்டைப் பாருங்கள். பழைய பெல்ட்டுகள் தார் போல உருகிவிடும். இவற்றுக்கு நல்ல மெக்கானிக்கைத் தேடுங்கள். என்ன கோளாறு என்று நீங்கள் சொல்லத் தெரிந்துகொண்டாலே அவர் மரியாதையாகப் பேசுவார்.

வராமல் காப்பது இன்னும் சுலபம். மாதம் ஒரு முறை எல்லாக் குமிழையும் ஸ்விட்ச்சையும் பத்துத் தடவை திருப்புங்கள். உராய்வே படலத்தை ஓரளவு வழித்துவிடும். பயன்படுத்தாத செட்டில் பேட்டரியை விட்டுவைக்காதீர்கள். மழைக்காலத்தில் துணி போர்த்தி, சிலிகா ஜெல் பொட்டலம் ஒன்றைப் பக்கத்தில் போடுங்கள். நம் சங்க மைக் செட்டுக்கும் இது பொருந்தும். பொங்கல் விழாவில் குழந்தை பாடத் தொடங்கும்போது மைக் கொரகொரப்பது வருடாந்தரச் சடங்காகிவிட்டது. விழாவுக்கு முதல்நாளே எல்லாப் பிளக்குகளையும் துடைத்து, ஆம்ப்ளிஃபயரை அணைத்துவிட்டு நாலைந்து தடவை செருகி எடுத்தால் அந்தக் குழந்தையின் பாட்டு தடங்கலின்றிக் கேட்கும்.

அண்ணாச்சியின் கதையை முடிக்கவேண்டும். சினிமாப் பாட்டுக் கேசட் இரு பக்கமும் ஊளை இல்லாமல் ஓடியது. பிறகுதான் மேஜையைத் திறந்தேன். அய்யாவின் கேசட்டில் வெள்ளைப் பூஞ்சை இருக்கிறதா என்று வெளிச்சத்தில் பார்த்தேன். இல்லை. அண்ணாச்சியின் மகன் வந்து ஹெட்ஃபோன் துளையிலிருந்து கம்ப்யூட்டருக்கு ஒரு கம்பி இணைத்தார். முதல் தடவை ஓடும்போதே பதிவாகிவிடவேண்டும் என்பது என் பிடிவாதம். இரண்டாம் தடவை ஓடும் என்று பழைய நாடாவை நம்பக்கூடாது.

ஒரு கோழி கூவியது. இருமல். பிறகு கணீரென்று ஒரு குரல், மழை பெய்ததையும், கிணற்றில் தண்ணீர் ஊறியதையும், கடையில் வியாபாரம் எப்படி என்பதையும் நிதானமாக விசாரித்தது. கடைசியில், "பேரன் பொறந்தா நல்ல பேரா பாத்து வையுங்க. எம் பேரத்தான் வைக்கணும்னு இல்ல" என்றது.

அந்தப் பெயரையே வைத்திருக்கும் பேரன் கம்ப்யூட்டர் முன்னால் அமர்ந்திருந்தார். தாத்தாவின் குரலை அவர் கேட்பது அதுவே முதல் முறை. யாரும் ஒன்றும் பேசவில்லை. அண்ணாச்சி மட்டும், "வால்யூமக் கொஞ்சம் கூட்டு தம்பி" என்றார். கூட்டினார். கரகரக்கவில்லை.

இப்போது அந்தப் பதிவு மூன்று இடங்களில் இருக்கிறது. உங்கள் வீட்டுப் பரணிலும் இப்படி யாராவது காத்திருக்கலாம். ஒவ்வொரு மாதமும் இரண்டாவது ஞாயிறு காலையில் சங்க நூலகத்தில் ஐ.பி.ஏ. புட்டியும் பஞ்சுமாக இருப்பேன். செட்டைக் கொண்டு வாருங்கள். கேசட்டை மட்டும், தயவுசெய்து, அதுவரை போட்டுப் பார்க்காதீர்கள்.